ஒரு வாசலில் நான்கு கடன்: நுண்நிதியின் சென்றடைவு என்றால் என்ன?

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து கிராண்ட்பாஸ் பக்கமாகப் போகும் ஒழுங்கைகளுள் ஏதேனும் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடும் ஒரு பெண் அங்கே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை ஒரு நிறுவனத்தின் அலுவலர் மோட்டார் சைக்கிளில் வந்து தவணைப் பணத்தை வாங்கிச் செல்கிறார். செவ்வாயன்று இன்னொரு நிறுவனம், வியாழனன்று மூன்றாவது, வெள்ளியன்று நான்காவது. ஆண்டு முடிவில் இந்த நான்கும் தத்தம் அறிக்கையில் ‘குறைந்த வருமானமுடைய இத்தனை பெண்களைச் சென்றடைந்தோம்’ என்று எழுதும்போது, அந்த ஒரே பெண் நான்கு பேராக எண்ணப்படுகிறார். தனித்தனியே பார்த்தால் எந்த அறிக்கையிலும் பொய்யில்லை. நான்கையும் கூட்டி நாட்டின் கணக்காக அறிவிக்கும்போதுதான் பிழை பிறக்கிறது.

நுண்நிதி என்பது, வங்கிகள் வழமையாகக் கேட்கும் காணி உறுதி, சம்பளப் பத்திரம், பிணையாளர் ஆகியவற்றைக் காட்ட இயலாதவர்களுக்குச் சிறு கடன், சிறுசேமிப்பு, காப்புறுதி போன்ற சேவைகளை வழங்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாடு எத்தனை பேரிடம், எத்தகையவர்களிடம், என்ன விலையில், எவ்வளவு காலத்திற்குப் போய்ச் சேருகிறது என்பதையே ‘சென்றடைவு’ என்கிறோம். பலர் இச்சொல்லை ‘எத்தனை பேர்’ என்ற முதற் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். வளரும் நாடுகளில் நுண்நிதி பற்றி எழுந்த குழப்பங்களில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

செட்டியார் தெருவிலிருந்து மகளிர் வங்கி வரை

நுண்கடன் என்றதும் வங்கதேசம் நினைவுக்கு வருவது இயல்பு. சிட்டகொங் அருகிலுள்ள ஜோப்ரா கிராமத்தில் 1976ஆம் ஆண்டு பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்கு மொத்தமாக 27 டொலர் மட்டுமே கடனாகக் கொடுத்துத் தொடங்கிய முயற்சி, 1983இல் கிராமின் வங்கியாகி, 2006இல் அவருக்கும் அவ்வங்கிக்கும் சமாதானத்திற்கான நோபல் பரிசைப் பெற்றுக் கொடுத்தது. சொத்துப் பிணை இல்லாதவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒருவருடைய தவணைக்கு மற்றவர்களைப் பொறுப்பாக்குவதே அந்த முறையின் உயிர்நாடியாகப் பரவலாக அறியப்பட்டது.

ஆனால் இலங்கைக்குச் சிறு கடன் வங்காளத்திலிருந்து இறக்குமதியான சரக்கு அன்று. சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் இங்கே 1906இலேயே தோன்றிவிட்டன. நலிந்து கிடந்த அவை 1978இல் ‘சனச’ இயக்கமாகப் புத்துயிர் பெற்றன. அதற்கும் முன்பு, கொழும்புக் கோட்டையில் இருந்த ஐரோப்பிய வங்கிகள் தோட்டத் துறைக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், உள்ளூர் வணிகருக்கு அந்த வங்கிகளின் கதவு எளிதில் திறக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். இன்று நகைக்கடைகள் வரிசையாக நிற்கும் செட்டியார் தெருவின் பெயரிலேயே அந்த வரலாறு இருக்கிறது. 1934இல் அமைக்கப்பட்ட வங்கி ஆணைக்குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1939இல் இலங்கை வங்கி தொடங்கப்பட்டதும் அடிப்படையில் ஒரு சென்றடைவுப் பிரச்சினைக்கான விடைதான். அப்போது எட்டப்படாதவர் கடைக்காரர். இப்போது நாம் பேசுவது கடைக்காரருக்கு இடியப்பம் போடுபவரைப் பற்றி. 1961இல் வந்த மக்கள் வங்கி நகை அடகை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. விண்ணப்பப் படிவம் அதிகமின்றி, கழுத்திலும் காதிலும் இருப்பதை வைத்து அன்றே காசு வாங்கக்கூடிய அடகுதான் நம் நாட்டின் உண்மையான நுண்கடன் என்று சொன்னால் மிகையாகாது. ஆனாலும் நுண்நிதிப் புள்ளிவிபரங்களில் அதைச் சேர்ப்பவர்கள் குறைவு.

கொழும்புக்கென்றே ஒரு கதையும் உண்டு. 1989இல் நகரின் குறைந்த வருமானக் குடியிருப்புகளில் பெண்கள் சிறு குழுக்களாகக் கூடி, கிழமைதோறும் சில ரூபாய்களைச் சேமித்து, அந்தப் பணத்தையே தங்களுக்குள் கடனாகக் கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவாகி ‘மகளிர் வங்கி’ என்று அறியப்பட்ட அமைப்பு அதுதான். 1995இல் தொடங்கிய அரசின் வறுமை ஒழிப்புத் திட்டமான சமுர்த்தியின் கீழ் எழுந்த சமுர்த்தி வங்கிகளும் இதே வரிசையில் சேரும். ஆகவே, இலங்கையில் நுண்நிதி என்றால் ஒரே வகை நிறுவனம் என்று எண்ணிவிடக் கூடாது. கூட்டுறவுச் சங்கம், அரச திட்டம், தொண்டு நிறுவனம், மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிதிக் கம்பனி, எந்த அனுமதியும் இன்றிக் கடன் மட்டும் கொடுக்கும் கம்பனி ஆகிய எல்லாமே இந்தப் பெயருக்குள் அடங்குகின்றன.

அகலமும் ஆழமும்

சென்றடைவின் அகலம் என்பது தலைக்கணக்கு: நடப்பில் கடன் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், சேமிப்பாளர்கள் எத்தனை பேர், எத்தனை மாவட்டங்களில் கிளைகள் உள்ளன என்பவை. எண்ணுவதற்கு எளிது என்பதால் அறிக்கைகளின் முதற் பக்கத்தில் இதுவே இடம்பிடிக்கிறது. ஆனால் பெரும்பாலும் எண்ணப்படுவது ஆட்கள் அல்ல, கணக்குகள். நமது இடியப்பக்காரப் பெண் நான்கு பேராக மாறியது இப்படித்தான். ஒருவர் வேறெங்கெல்லாம் கடன் வைத்திருக்கிறார் என்று பார்ப்பதற்கு இலங்கையில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகம் இருக்கிறது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தங்கள் கடன் விபரங்களை அதற்குக் கொடுக்கின்றன. அனுமதி பெறாத சிறு கம்பனிகள் இந்த வலைக்கு வெளியே நிற்கும்வரை, நான்காவது அலுவலருக்கு முதல் மூன்று கடன்களும் தெரிய வழியில்லை. தெரிந்தால் அவர் கொடுத்திருக்கமாட்டார் என்பதற்கும் உத்தரவாதமில்லை என்பது வேறு விடயம். மாதந்தோறும் புதிய கடன் இத்தனை கொடுக்கவேண்டும் என்ற இலக்கு அவர் தலைமேல் இருக்கிறது.

ஆழம் என்பது, சென்றடையப்பட்டவர்கள் எவ்வளவு ஏழைகள் என்ற கேள்வி. ஒவ்வொருவருடைய வருமானத்தையும் விசாரித்து அறிவது செலவு மிக்கது என்பதால், ஆய்வாளர்கள் ஒரு குறுக்குவழியைப் பயன்படுத்துகிறார்கள். சராசரிக் கடன் தொகையை நாட்டின் தலா வருமானத்தால் வகுப்பார்கள். விடை 20 சதவீதத்திற்குக் கீழே இருந்தால், அந்த நிறுவனம் மிக வறியவர்களை எட்டுகிறது என்று கொள்வது வழக்கம். சிறு தொகைக் கடனை வசதியுள்ளவர் நாடமாட்டார் என்பதே இதன் பின்னுள்ள எண்ணம்.

இதைக் கொழும்பில் வைத்துப் பார்ப்போம். இலங்கையின் தலா வருமானம் ஆண்டுக்கு 4,500 டொலர், ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அது 13 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் ஆகும். அதில் 20 சதவீதம் 2 இலட்சத்து 70 ஆயிரம். 50,000 ரூபாய்க் கடன் இந்த அளவுகோலில் 4 சதவீதத்தைக்கூட எட்டாது. ஆகவே ‘மிக ஆழமான சென்றடைவு’ என்று நற்சான்று கிடைக்கும். ஆனால் அந்தப் பெண்ணிடம் அத்தகைய கடன்கள் நான்கு உள்ளன. அவருடைய மொத்தச் சுமை 2 இலட்சம். கடன் சிறியது என்பது கடன்காரர் ஏழை என்பதற்குச் சான்றாகலாம்; சுமை சிறியது என்பதற்குச் சான்றாகாது.

ஆழத்தைப் பற்றிப் பேசும்போது எட்டப்படாதவர்களையும் பார்க்கவேண்டும். குழுக் கடனில் குழுவைச் சேர்ப்பவர்கள் பெண்களே. யாருடைய தவணைக்குத் தாமும் பொறுப்பாக வேண்டிவருமோ அவரைத் தெரிவுசெய்யும்போது, நாட்கூலிக்குப் போகிறவர், நோயாளியை வீட்டில் வைத்திருப்பவர், அடிக்கடி வாடகை வீடு மாறுகிறவர் ஆகியோரை அவர்கள் மெல்லத் தவிர்த்துவிடுகிறார்கள். மலையகத்திலிருந்து வேலை தேடிக் கொழும்புக்கு வந்து, அடையாள அட்டையில் இன்னமும் தோட்டத்து முகவரியையே வைத்திருப்பவர் எந்தக் குழுவுக்கும் அந்நியர்தான். பிறந்த லயன் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு) அறைக்கும் காணி உறுதி கிடையாது, இப்போது குடியிருக்கும் தோட்டத்து வீட்டுக்கும் உறுதி கிடையாது. (கொழும்பில் ‘தோட்டம்’ என்றால் தேயிலை இல்லை, நெருக்கமான குடியிருப்பு என்பதை வெளியூர் வாசகருக்காகச் சொல்லிவைக்கிறேன்.) வங்கியும் எட்டாத, குழுவும் சேர்க்காத இவர்களிடம் போய்ச் சேருவது நாள்வட்டிக்காரர் மட்டுமே.

விலை

சென்றடைவின் பக்கங்களில் தொடக்கநிலை வாசகர் மிக நிதானமாகப் படிக்கவேண்டியது கடனின் விலைதான். ஏனெனில் இதில் சொல்லப்படும் எண்ணும் உண்மையான எண்ணும் வெவ்வேறாக இருக்கின்றன.

‘ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, 52 கிழமைத் தவணை’ என்று சொல்லி 50,000 ரூபாய் கொடுக்கப்படுகிறது என்று கொள்வோம். வட்டி 12,000. மொத்தம் 62,000 ரூபாயை 52ஆல் வகுத்தால் கிழமைக்கு 1,192 ரூபாய். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் 26ஆவது கிழமையில் அந்தப் பெண் மூலத்தொகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போது அவர் கையில் இருப்பது 25,000 ரூபாய்தான். வட்டியோ இன்னமும் முழு 50,000க்கும் அறவிடப்படுகிறது. இதை ‘பிளாட் வட்டி’ என்பார்கள். வங்கிக் கடன்களில் வழமையாகச் செய்வதுபோல, குறைந்துசெல்லும் மிகுதியின் மீது கணக்கிட்டால், இதே கடனின் ஆண்டு வட்டி வீதம் ஏறத்தாழ 44 சதவீதம் ஆகிறது. ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதல்நாளே 2,500 ரூபாயைக் கழித்துக்கொண்டு 47,500ஐ மட்டும் கையில் கொடுத்தால் அது 55 சதவீதத்தைத் தொடும். நான்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து அவர் கிழமைக்கு ஏறக்குறைய 4,770 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 680 ரூபாய், தவணைக்கென்றே எடுத்துவைக்க வேண்டும். அரிசி மாவும் எரிவாயுவும் அதற்குப் பிறகுதான்.

நிறுவனங்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. 50 இலட்சம் ரூபாய்க் கடன் ஒன்றைக் கொடுத்து மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கில் வசூலிப்பதைவிட, 50,000 ரூபாய்க் கடன்கள் நூறைக் கொடுத்துக் கிழமைதோறும் நூறு வாசலுக்குப் போய் வசூலிப்பது பன்மடங்கு செலவு மிக்கது. கடன் சிறுக்கச் சிறுக்க ஒரு ரூபாய்க்கான நிர்வாகச் செலவு ஏறுகிறது. ஆகையால் ஆழமாகப் போகும் நிறுவனம் கூடுதல் வட்டி கேட்பது முழுவதும் பேராசையல்ல.

அப்படியானால் அந்த வட்டியைத் தாங்கும் அளவுக்குச் சிறு தொழில் சம்பாதிக்குமா? இதற்கு நம் நாட்டிலேயே விடை தேடப்பட்டிருக்கிறது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 2005 முதல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறு தொழில் செய்வோரிடையே ஓர் ஆய்வு நடத்தினார்கள். குலுக்கல் முறையில் தெரிவானவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் பெறுமதியான உதவி, கடனாக அல்லாமல் இலவசமாகவே கொடுக்கப்பட்டு, அதனால் இலாபம் எவ்வளவு கூடியது என்று அளக்கப்பட்டது. மூலதனத்தின் சராசரி வருவாய் மாதத்திற்கு 5 சதவீத அளவில் இருந்தது. ஆண்டுக்கு 55 முதல் 63 சதவீதம். நாம் மேலே கண்ட 44 சதவீத வட்டியைக் கட்டியும் மிச்சம் பார்க்கலாம் என்று இது நம்பிக்கை தருகிறது. ஆனால் ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்த்தபோது அந்த வருவாய் முழுவதும் ஆண்கள் நடத்திய தொழில்களிலிருந்தே வந்திருந்தது. பெண்களின் தொழில்களில் சராசரி வருவாய் கிட்டத்தட்டப் பூச்சியம். நுண்கடன் தேடிப் போவதோ பெரும்பாலும் பெண்களை. திறமைக் குறைவு இதற்குக் காரணம் என்று அவசரப்பட்டு முடிவுகட்டுவதற்கில்லை. வீட்டோடு செய்யும் இடியப்பத் தொழில் ஓரளவுக்கு மேல் பெருகாது. இன்னொரு அடுப்பு வைக்க இடமில்லை, இன்னொரு சோடிக் கையும் இல்லை. தொழில் பெருகாத இடத்தில் பணம் மட்டும் பெருகினால் அது கூரைக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் போகும். அதில் குற்றமில்லை, ஆனால் அந்தச் செலவுகள் கிழமைக்கு 1,192 ரூபாய் திருப்பித் தராது.

நீடிப்பு, வகை

சென்றடைவுக்கு நீடிப்பு என்றொரு பக்கமும் உண்டு. நன்கொடை நின்றதும் மூடப்படும் நிறுவனம் இன்று எத்தனை பேரை எட்டியிருந்தாலும் நாளை அவர்களுக்கு இல்லை. ஆகவே, வருமானத்தால் தன் செலவை ஈடுசெய்யும் நிறுவனமே நீண்டகாலம் சேவை செய்யும் என்ற வாதம் 1990களில் உலகெங்கும் வலுப்பெற்றது. வாதம் சரியானதே. ஆனால் இலாபத்தின் மீதே கண்ணாக ஓடினால் அந்த நீடிப்பும் உடையும் என்பதற்கு ஆந்திரப் பிரதேசம் சாட்சி. அங்கே முன்னணியில் இருந்த ஒரு நுண்நிதி நிறுவனம் 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்குப் போனது. அதே ஆண்டு ஒக்டோபரில், கடன் தொல்லையால் தற்கொலைகள் நிகழ்ந்ததாக எழுந்த கொந்தளிப்பைத் தொடர்ந்து, மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து வசூலுக்குக் கட்டுப்பாடு விதித்தது. திருப்பிச் செலுத்துதல் பெருமளவில் நின்றுபோனது.

வகை என்பது கடனைத் தவிர வேறென்ன கொடுக்கப்படுகிறது என்பது. இலங்கையில் வைப்புப் பணம் ஏற்க அனுமதி இல்லாத நிறுவனம் சேமிப்பைத் தர முடியாது. அதனால் அதன் கையில் கடன் ஒன்றே சரக்கு. மழைக்காலத்தில் வியாபாரம் படுக்கும் பெண்ணுக்குத் தேவை சேமிப்பாக இருக்கலாம். கிடைப்பது கடனாக இருக்கும்.

2009க்குப் பிறகு

போர் முடிந்ததும் வடக்கு கிழக்குக்கான பாதைகள் திறந்தன. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட நிதிக் கம்பனிகளும் அந்தப் பாதை வழியே விரைந்தன. கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கிய பெண்கள், வருமானத்திற்கு வழி பிறக்குமுன்பே கடனுக்கு வழி பிறந்ததைக் கண்டார்கள். அகலத்தின் அளவுகோலில் அது பெரும் வெற்றிக் காலம். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வந்தபோது, அது வைப்பு ஏற்கும் கம்பனிகளை மத்திய வங்கியின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்ததே தவிர, கடன் மட்டும் கொடுப்போரைப் பெரிதும் வெளியே விட்டது. வைப்பாளரின் பணத்தைக் காக்கும் நோக்கில் பார்த்தால் அது பொருத்தமான சட்டம்தான். ஆனால் ஒழுங்கையில் ஆபத்திலிருந்தவர் வைப்பாளர் அல்லர், கடனாளி.

2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் எடுத்துத் தவணை தவறிய 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசு அறிவித்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்ற உச்சவரம்பும் கொண்டுவரப்பட்டது. முன்னே போட்ட கணக்கில் 35 சதவீதம் என்பது பிளாட் வட்டியாக 19 சதவீதத்திற்குச் சமம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் வரம்பு மீறப்பட்டதே தெரியாது. அதே ஆண்டு செப்டெம்பரில் நாட்டுக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, வசூலிப்போர் பெண்களிடம் பாலியல் ரீதியான நெருக்குதல் கொடுப்பதாகக் கூறப்பட்ட முறைப்பாடுகளையும் பதிவுசெய்தார். 2021 மார்ச் 8ஆம் தேதி, பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்கடன்களை இரத்துச் செய்யக் கோரிச் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தார்கள். மறு ஆண்டு நாட்டின் பொருளாதார நெருக்கடி எல்லோரையும் பிடித்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக ஏறியபோது, மாவும் எரிவாயுவும் வாங்கியபின் தவணைக்கு மிஞ்சியது எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உலக வங்கியின் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் வயதுவந்தோரில் 89 சதவீதத்தினருக்கு நிதி நிறுவனக் கணக்கு இருந்தது. அப்போது தெற்காசியாவின் மிக உயர்ந்த நிலைகளுள் அதுவும் ஒன்று. கதவுக்கு வெளியே நிற்பவர்களை உள்ளே அழைப்பதுதான் நுண்நிதியின் பணி என்றால், அந்தப் பணியின் பெரும்பகுதி இங்கே எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே இனி ஒரு நிறுவனத்தின் அறிக்கையைக் கையில் எடுப்பவர் கிளைகளின் வரைபடத்தைத் தாண்டிப் பார்க்கவேண்டும். அடையாள அட்டை இலக்கப்படி எண்ணினால் ஆட்கள் எத்தனை பேர், அவர்களில் வேறிடத்திலும் கடனுள்ளவர்கள் எத்தனை பேர், குறைந்துசெல்லும் மிகுதியின் மீது வட்டி எவ்வளவு, கடந்த ஆண்டு விலகிப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்கவேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை அச்சிடப்படுவது அரிது. நமது இடியப்பக்காரப் பெண் எப்படியோ நான்கு கடன்களையும் கட்டி முடித்து, இனி எவரிடமும் வாங்குவதில்லை என்று தீர்மானித்து, ஒழுங்கையில் பன்னிரண்டு பேர் சேர்ந்து கட்டும் சீட்டோடு நின்றுகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு நான்கு நிறுவனங்களின் அறிக்கைகளிலும் சென்றடைவு ஒவ்வொன்று குறைந்திருக்கும்.